பிறப்பிடமும் வர்க்கமும்: அமெரிக்க அரசியலில் ‘அந்நியர்’ என்னும் முத்திரை

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2025 நவம்பர் 4 அன்று நடைபெற்ற நியூயார்க் மாநகர மேயர் தேர்தலில் ஸோரான் மம்தானி வெற்றி பெற்றார். உகாண்டாவின் கம்பாலா நகரில் 1991இல் பிறந்து, ஏழு வயதில் அமெரிக்காவுக்கு வந்து, 2018இல் அந்நாட்டின் குடியுரிமை பெற்றவர் அவர். தம்மை ஜனநாயக சோஷலிஸ்ட் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டவர். வாடகை உயர்வை நிறுத்தி வைத்தல், பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம், அனைத்துக் குழந்தைகளுக்கும் பராமரிப்பு வசதி, மாநகராட்சியே நடத்தும் மளிகைக் கடைகள், இவற்றுக்கான செலவை ஈடுகட்டப் பெரும் பணக்காரர்கள் மீதும் பெருநிறுவனங்கள் மீதும் கூடுதல் வரி ஆகியவையே அவர் மக்கள் முன் வைத்த திட்டம்.

ஜூன் மாதத்தில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் அவர் முன்னிலை பெற்ற உடனேயே எதிர்ப்பு கிளம்பியது. அவருடைய குடியுரிமையைப் பறித்து நாடு கடத்த வேண்டும் என்று டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த குடியரசுக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆண்டி ஓகிள்ஸ் அரசுக்குக் கடிதம் எழுதினார். ஜனாதிபதி ட்ரம்ப் அவரைக் கம்யூனிஸ்ட் என்று தூற்றினார். அவர் சட்டவிரோதமாக நாட்டில் தங்கியிருப்பவரோ என்ற ஐயத்தையும் கிளப்பிவிட்டார். வாடகையைப் பற்றி நடக்க வேண்டிய விவாதம் பிறப்பிடத்தைப் பற்றிய விவாதமாகத் திசை திருப்பப்பட்டது.

அதே ஆண்டின் தொடக்கத்தில் எலான் மஸ்க் எங்கே இருந்தார் என்பதை இத்துடன் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் பிறந்தவர். 2002இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். 2024 தேர்தலில் ட்ரம்பும் அவரது கட்சியும் வெற்றி பெற 25 கோடி டாலருக்கும் அதிகமாகச் செலவழித்தவர். எந்தத் தேர்தலிலும் நிற்காமலேயே வெள்ளை மாளிகைக்குள் நுழைந்து, அரசு ஊழியர்களைப் பல்லாயிரக்கணக்கில் வெளியேற்றிய நடவடிக்கைக்குத் தலைமை தாங்கினார். மம்தானியின் பிறந்த ஊரை ஆராய்ந்த கட்சித் தலைமைக்கு மஸ்க்கின் பிறந்த ஊர் ஒரு பொருட்டாகவே இல்லை. இருவருக்கும் இடையே மனக்கசப்பு முற்றிய பிறகு, ஜூலை 1 அன்று, மஸ்க்கை நாடு கடத்துவீர்களா என்று செய்தியாளர்கள் கேட்டபோதுதான் அதைப் பரிசீலிக்க வேண்டியிருக்கும் என்று ட்ரம்ப் பதில் சொன்னார். மம்தானியின் குடியுரிமையைப் பற்றி அவர் ஐயம் கிளப்பியதும் அதே நாளில்தான்.

இருவருமே அந்நிய மண்ணில் பிறந்தவர்கள். அந்தக் கேள்வி யார் மீது, எப்போது, எதற்காக எழுப்பப்படுகிறது என்பதை ஆராய்ந்தால், அமெரிக்க அரசியலின் இரு நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு ஓரளவு விளங்கும்.

சட்டத்தில் போடப்பட்ட விதை

1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனம், பிறப்பால் குடிமகனாக இருப்பவரே ஜனாதிபதியாக முடியும் என்று விதித்தது. பிரதிநிதிகள் சபைக்கு ஏழு ஆண்டுகளும் செனட் சபைக்கு ஒன்பது ஆண்டுகளும் குடிமகனாக இருந்திருந்தால் போதும். ஆக, குடியேறியவர் அமைச்சராகலாம், ஆளுநராகலாம், சட்டமும் இயற்றலாம். நாட்டின் தலைமைப் பதவி மட்டும் அவருக்கு மூடப்பட்டது.

இந்த விதிகள் தொடக்கத்திலேயே அரசியல் ஆயுதமாயின. ஜெனீவாவில் பிறந்த ஆல்பர்ட் கல்லாட்டின் பென்சில்வேனியாவிலிருந்து செனட்டுக்குத் தேர்வானார். நிதித்துறையின் கணக்குகளை விரிவாகச் சபையில் வைக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். குடிமகனாகி ஒன்பது ஆண்டுகள் நிறைவடையவில்லை என்று கூறி 1794இல் அவர் பதவி பறிக்கப்பட்டது. காலம் மாறியது, 1801இல் அதே கல்லாட்டின் அதே நிதித்துறைக்கு அமைச்சரானார். இடைப்பட்ட 1798இல், குடியுரிமை பெறத் தேவையான வசிப்புக் காலம் ஐந்து ஆண்டுகளிலிருந்து பதினான்கு ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. அந்நியரை நாடு கடத்தும் அதிகாரம் ஜனாதிபதிக்கு அளிக்கப்பட்டது. குடியேறியோர் பெரும்பாலும் எதிர்க்கட்சிக்கு வாக்களித்தார்கள் என்பதே இதன் பின்னணி. 1850களில் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த கத்தோலிக்கர்கள் மீதான வெறுப்பை முதலீடாக்கி ஒரு தனிக் கட்சியே வளர்ந்தது. 1856 ஜனாதிபதித் தேர்தலில் அதன் வேட்பாளர் மில்லார்ட் ஃபில்மோர் ஐந்தில் ஒரு பங்கு வாக்குகளைப் பெற்றார்.

தொழிற்சங்கம் என்றாலே அந்நியச் சரக்கு

ஆலைத் தொழில் வளர்ந்து தொழிலாளி வர்க்கம் அமைப்பாகத் திரளத் தொடங்கியதும் இந்த வெறுப்புக்கு வேறு கூர்மை வந்தது. மே தினத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1886 சிகாகோ ஹேமார்க்கெட் நிகழ்வுக்குப் பின் குற்றஞ்சாட்டப்பட்ட எட்டுப் பேரில் ஐவர் ஜெர்மனியில் பிறந்தவர்கள், ஒருவர் இங்கிலாந்தில் பிறந்தவர். எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கை அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து வந்த நோய் என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் எழுதின. ஆயினும் 1887 நவம்பர் 11 அன்று தூக்கிலிடப்பட்ட நால்வரில் ஒருவரான ஆல்பர்ட் பார்சன்ஸ் அலபாமாவில் பிறந்தவர். உள்நாட்டில் பிறந்த தகுதி அவரைக் காப்பாற்றவில்லை.

ஜெர்மனியில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட் 1893இல் இல்லினாய் மாநில ஆளுநரானார். அவ்வழக்கில் சிறையில் எஞ்சியிருந்த மூவரையும் அவ்வாண்டே விடுவித்தார். வழக்கு விசாரணை நேர்மையாக நடக்கவில்லை என்றும் பகிரங்கமாக எழுதினார். அதுவரை மக்கள் தேர்ந்தெடுத்த ஆளுநராக இருந்தவர், மறுநாளே பத்திரிகைகளுக்கு அந்நியராகிவிட்டார்.

1901இல் ஜனாதிபதி மெக்கின்லியைச் சுட்டுக் கொன்றவர் அமெரிக்காவிலேயே பிறந்தவர். ஆனால் அதைத் தொடர்ந்து 1903இல் வந்த சட்டம், அராஜகவாதக் கொள்கையுடைய அந்நியர்கள் நாட்டுக்குள் நுழைவதைத் தடை செய்தது. ரஷ்யப் புரட்சிக்குப் பின் இந்த வேட்டை உச்சத்தை எட்டியது. 1919 டிசம்பரில் எம்மா கோல்ட்மன் உள்ளிட்ட 249 பேர் பஃபோர்ட் என்ற கப்பலில் ஏற்றி நாடு கடத்தப்பட்டனர்.

ஆஸ்திரியப் பேரரசில் பிறந்த விக்டர் பெர்கர், 1910இல் மில்வாக்கி நகரிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் சோஷலிஸ்ட். முதல் உலகப் போரை எதிர்த்ததற்காக அவருக்கு இருபது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1919இல் பிரதிநிதிகள் சபை அவருக்கு இடமளிக்க மறுத்தது. இடைத்தேர்தலில் அதே மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள்; சபை மீண்டும் மறுத்தது. 1921இல் உச்சநீதிமன்றம் தண்டனையை ரத்து செய்த பிறகே, அடுத்த தேர்தலில் வென்று அவர் அவையில் அமர முடிந்தது. இதே போர் எதிர்ப்புக்காக, இண்டியானாவில் பிறந்த யூஜின் டெப்ஸுக்குப் பத்தாண்டுச் சிறை கிடைத்தது. சிறைக்குள் இருந்தபடியே 1920இல் அவர் ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்றார். அதே ஆண்டில் நியூயார்க் மாநில சட்டமன்றம் தேர்ந்தெடுக்கப்பட்ட சோஷலிஸ்ட் உறுப்பினர்கள் ஐவரை வெளியேற்றியது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே சட்டமன்றத்தில் உறுப்பினராகி, பின்னர் மேயரான மம்தானி தமது வெற்றி உரையில் டெப்ஸை நினைவுகூர்ந்தது தற்செயலன்று.

பிற்காலத்திலும் இதுவே தொடர்ந்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்த துறைமுகத் தொழிலாளர் தலைவர் ஹாரி பிரிட்ஜஸை நாடு கடத்த இருபது ஆண்டு காலம் முயன்றார்கள். அவர் ஒருவருக்காகவே 1940இல் பிரதிநிதிகள் சபை தனி மசோதா நிறைவேற்றியது. தொழிலாளர்கள் அவரைக் கைவிடவில்லை. அரசால் அவரை வெளியேற்றவும் முடியவில்லை. டிரினிடாடில் பிறந்து எட்டு வயதில் அமெரிக்கா வந்த கம்யூனிஸ்ட் தலைவர் கிளாடியா ஜோன்ஸ் சிறைவாசத்துக்குப் பின் 1955இல் நாடு கடத்தப்பட்டார். லண்டனில் மறைந்த அவர் ஹைகேட் கல்லறையில் மாமேதை மார்க்சின் நினைவிடத்துக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

உழைப்பாளர்களிடையே ஊடுருவிய விஷம்

தோழர்களே, இந்த வெறுப்பு முழுவதும் மேலிருந்து திணிக்கப்பட்டது என்று மட்டும் சொன்னால் அது வரலாற்றின் பாதி உண்மையே ஆகும். மறுபாதி கசப்பானது.

1877இல் கலிஃபோர்னியாவில் உழைப்பாளர் கட்சி ஒன்று தோன்றியது. அதன் தலைவர் டெனிஸ் கியர்னி அயர்லாந்தில் பிறந்து குடியேறியவர். ரயில்வே முதலாளிகளைக் கடுமையாகச் சாடிய அவர், கூட்டந்தோறும் எழுப்பிய முழக்கமோ சீனர்கள் வெளியேற வேண்டும் என்பதாக இருந்தது. ஐந்தே ஆண்டுகளில், 1882இல், சீனத் தொழிலாளர் நுழைவைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அது 1943 வரை நீடித்தது. அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய சாமுவேல் கோம்பர்ஸ் லண்டனில் பிறந்தவர்; அவரும் அந்தத் தடையை ஆதரித்தார்.

நேற்று வந்தவர் இன்று வருபவருக்கு எதிராகக் கதவை அடைத்தார். குறைந்த கூலிக்கு ஆள் பிடித்த முதலாளியின் மீது திரும்ப வேண்டிய கோபம், அந்தக் கூலிக்கு வந்து சிக்கிய தொழிலாளியின் மீது திருப்பப்பட்டது. சீனத் தொழிலாளியைச் சங்கத்தில் சேர்த்துச் சம ஊதியம் கேட்டிருந்தால் கூலிக் குறைப்பு என்ற ஆயுதம் முதலாளியின் கையிலிருந்து நழுவியிருக்கும். பல இனத் தொழிலாளர்களையும் ஒரே சங்கத்தில் இணைத்த பிரிட்ஜஸின் துறைமுகத் தொழிலாளர் சங்கம் பின்னாளில் அதைச் செய்து காட்டியது. வர்க்க ஒற்றுமை தானாக முளைப்பதில்லை; அமைப்பின் உழைப்பால்தான் அது உருவாகிறது.

இந்தியர்களின் அனுபவம்

இந்திய விடுதலைப் போராட்டமும் இந்த வரலாற்றோடு இணைந்தது. 1913இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் பஞ்சாபித் தொழிலாளர்களும் மாணவர்களும் கதர் கட்சியைத் தொடங்கினர். அதன் முன்னோடியான ஹர்தயாள் 1914இல் அந்நிய அராஜகவாதி என்று கைது செய்யப்பட்டு, நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் குடியுரிமை கோரியபோது, இந்தியர் வெள்ளையர் அல்லர் என்று கூறி 1923இல் உச்சநீதிமன்றம் மறுத்தது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரும் அதைப் பறிகொடுத்தனர்.

1946இல்தான் சட்டம் மாறியது. 1949இல் குடிமகனான தலிப் சிங் சௌந்த், 1956இல் கலிஃபோர்னியாவின் விவசாயப் பகுதி ஒன்றிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். அவ்வவைக்குச் சென்ற முதல் ஆசியர் அவரே. பெரும்பாலும் வெள்ளையர்களே வாழ்ந்த தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. மக்களின் மனப்போக்கு மாறாத கல்வெட்டன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

வரவேற்கப்பட்ட அந்நியர்கள்

ஜெர்மனியில் பிறந்து பதினைந்து வயதில் அமெரிக்கா வந்த ஹென்றி கிஸ்ஸிங்கர், அந்நாட்டின் வெளியுறவு அமைச்சரானார். வியட்நாம் மீதும் கம்போடியா மீதும் பொழியப்பட்ட குண்டுகளிலும், 1973இல் சிலியில் அலெண்டே அரசு கவிழ்க்கப்பட்டதிலும் அவருக்குப் பங்குண்டு. வார்சாவில் பிறந்த பிரெசென்ஸ்கி தேசியப் பாதுகாப்பு ஆலோசகரானார். பிராக் நகரில் பிறந்த மாடலின் ஆல்பிரைட் வெளியுறவுத் துறையின் முதல் பெண் அமைச்சரானார். ஏகாதிபத்தியத்தின் திட்டங்களைத் தீட்டிய இவர்களிடம், பிறந்த நாட்டுக்கே திரும்பிப் போ என்று எந்த மாநாட்டு மேடையும் முழங்கவில்லை. ஆஸ்திரியாவில் பிறந்த நடிகர் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் 2003இல் கலிஃபோர்னிய ஆளுநரானபோது, குடியேறியவரும் ஜனாதிபதியாக வழிசெய்யும் சாசனத் திருத்தத்தைக் குடியரசுக் கட்சியின் செனட்டரே முன்மொழிந்திருந்தார். அது நிறைவேறவில்லை.

2008 தேர்தல் இதைவிடத் தெளிவான படத்தைத் தருகிறது. குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன், பனாமா கால்வாய்ப் பகுதியில் பிறந்தவர். அவர் பிறப்பால் குடிமகனே என்று செனட் சபை ஒருமனதாகத் தீர்மானம் இயற்றியது. அவரை எதிர்த்த ஒபாமா ஹவாய் மாநிலத்தின் ஹொனலுலுவில் பிறந்தவர். ஆனால் பல ஆண்டுகள் அவரிடம்தான் பிறப்புச் சான்றிதழ் கேட்கப்பட்டது. ஜனாதிபதி பதவியில் இருந்துகொண்டே 2011இல் அதன் முழுப் படிவத்தை அவர் வெளியிட வேண்டியதாயிற்று. அந்த அவதூறைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் ட்ரம்ப். இங்கே வர்க்கத்தோடு நிறவெறியும் சேர்ந்து இயங்கியதைக் காணலாம். ஒபாமா வால்ஸ்ட்ரீட்டின் எதிரி அல்லர். ஆயினும் தோலின் நிறம் அவரை ஐயத்துக்கு உள்ளாக்கப் போதுமானதாக இருந்தது.

சோமாலியாவில் பிறந்த இல்ஹான் ஒமரின் அனுபவமும் இத்தகையதே. 2019 ஜூலையில், வந்த நாட்டுக்கே திரும்பிப் போகும்படி நான்கு பெண் உறுப்பினர்களைக் குறிவைத்து ட்ரம்ப் எழுதினார். அவர்களில் மூவர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள்! சில நாட்களில் வடக்கு கரோலினாவில் அவர் நடத்திய பேரணியில், ஒமரைத் திருப்பி அனுப்பு என்ற கூச்சல் எழுந்தது. 2023 பிப்ரவரியில், இஸ்ரேலைப் பற்றிய அவருடைய விமர்சனங்களைக் காரணமாகக் காட்டி, 218க்கு 211 என்ற வாக்குக் கணக்கில் வெளியுறவுக் குழுவிலிருந்து அவரை நீக்கினார்கள்.

பெருமிதத்தின் மறுபக்கம்

பிறப்பை வைத்து வெறுப்பது தவறு என்றால், பிறப்பை வைத்துக் கொண்டாடுவதும் சரியாகாது. கமலா ஹாரிஸின் தாய்வழிப் பூர்வீகம் திருவாரூர் மாவட்டத்தின் துளசேந்திரபுரம். அவ்வூரில் வழிபாடுகள் நடந்தன, பட்டாசுகள் வெடித்தன. ஊர்ப் பாசம் இயல்பானது. அதை எள்ளி நகையாட வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவில் பிறந்த ஹாரிஸின் தகுதியையே 2020இல் கேள்விக்குள்ளாக்கிய நிறவெறியைக் கண்டிப்பதும் அவசியம். ஆனால் அவர் துணை ஜனாதிபதியாக இருந்த அரசுதான், காசாவில் குழந்தைகள் கொல்லப்பட்டுக் கொண்டிருந்தபோது இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்பியது. அந்தக் குண்டுகளில் துளசேந்திரபுரத்தின் பெயர் எழுதியிருக்கவில்லை.

நமது ஆட்சியாளர்கள் வம்சாவளிப் பெருமை பேசுவதிலும் இதே பாகுபாடு உண்டு. சென்னையில் பிறந்து, 2016இல் சியாட்டில் தொகுதியிலிருந்து தேர்வான பிரமிளா ஜெயபால், காஷ்மீரில் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளை நீக்கக் கோரும் தீர்மானத்தை 2019 டிசம்பரில் கொண்டுவந்தார். அவர் கலந்துகொள்வதாக இருந்த நாடாளுமன்றக் குழுச் சந்திப்பையே வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் ரத்து செய்தார். வம்சாவளிப் பெருமை எங்கே முடிகிறது என்பது அன்று வெளிப்பட்டது.

அடிபணிந்தால் பாதுகாப்பு உண்டா என்றால், அதுவும் இல்லை. சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனை 2024 டிசம்பரில் ட்ரம்ப் தமது ஆலோசகராக அறிவித்தபோது, ட்ரம்பின் ஆதரவாளர்களே அவர் மீதும் இந்தியர்கள் மீதும் வசைமாரி பொழிந்தனர். 2025 பிப்ரவரியில் 104 இந்தியர்கள் விலங்கிடப்பட்டு ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் இறக்கப்பட்டனர். செப்டம்பரில் புதிய எச்-1பி விசாவுக்கான கட்டணம் ஒரு லட்சம் டாலராக உயர்த்தப்பட்டது.

படிப்பினைகள்

முதலாவதாக, அமெரிக்க மக்கள் அனைவரையும் நிறவெறியர்களாகச் சித்தரிப்பது பிழை. குடியேற்றத்தைக் குறைக்க வேண்டும் என்போர் 2024இல் 55 சதவீதமாக இருந்தனர். 2025இல் அது 30 சதவீதமாகச் சரிந்ததாக காலப் நிறுவனத்தின் கணிப்பு கூறுகிறது. குடியேற்றம் நாட்டுக்கு நல்லதே என்றோர் 79 சதவீதம். முகமூடியணிந்த அதிகாரிகள் வேலைத்தலங்களிலிருந்து தொழிலாளர்களை இழுத்துச் சென்ற காட்சிகளைக் கண்ட ஆண்டு அது. வெறுப்பு ஊட்டப்படுவது, அதனாலேயே அது கலைக்கப்படவும் கூடியது.

இரண்டாவதாக, அவதூறுக்கு மம்தானி தந்த பதில் கவனத்துக்குரியது. அவர் தமது பிறப்பையோ மதத்தையோ மறைக்கவில்லை. அதே வேளையில் வாடகை, பேருந்து, மளிகை விலை என்ற களத்தை விட்டும் விலகவில்லை. பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் அவருக்கு வாக்களித்தனர். அவரை நாட்டுக்கு ஆபத்து என்ற ட்ரம்ப், நவம்பர் 21 அன்று வெள்ளை மாளிகையில் இன்முகத்துடன் கைகுலுக்கினார். இதனால் நியூயார்க்கில் சோஷலிசம் மலர்ந்துவிட்டதாகப் பொருளில்லை. ஜனநாயகக் கட்சியின் எல்லைக்குள் நின்று எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பது போராட்டத்தில்தான் தெரியவரும்.

மூன்றாவதாக, எதிரியைத் தாக்கவும் இந்த ஆயுதத்தை எடுக்கலாகாது. மஸ்க்கை எதிர்த்த ஜனநாயகக் கட்சியினர் சிலர் அவர் பிறந்த நாட்டைச் சுட்டி அவருடைய விசுவாசத்தைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். மஸ்க்கின் குற்றம் பிரிட்டோரியாவில் பிறந்தது அன்று. மக்களின் அரசைத் தமது பணத்தால் விலைக்கு வாங்கியதே ஆகும்.

இந்தியாவில் இது தொலைதூரச் செய்தியல்ல. 2004இல் மக்கள் அளித்த தீர்ப்பை அந்நியப் பிறப்பு என்ற கூச்சலால் மறைக்க பாஜக முயன்றதைத் தோழர்கள் அறிவர். அசாமில் 2019இல் குடிமக்கள் பதிவேட்டிலிருந்து 19 லட்சம் பேர் விடுபட்டனர். அதே ஆண்டில் குடியுரிமைக்கு மதம் அளவுகோலாக்கப்பட்டது. 2025இல் டெல்லியிலும் குருகிராமிலும் வங்கமொழி பேசியதற்காகவே துப்புரவுத் தொழிலாளர்களும் வீட்டுவேலை செய்வோரும் வங்கதேசத்தவர் என்று பிடித்துச் செல்லப்பட்டனர். குறைந்த கூலிக்கு அவர்களை அமர்த்தியவர்களை எவரும் பிடிக்கவில்லை.

தமிழ்நாட்டின் கட்டுமானத் தளங்களிலும் பின்னலாடை ஆலைகளிலும் ஒடியா, இந்தி, வங்கமொழி பேசும் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். கியர்னியின் வழியா, பிரிட்ஜஸின் வழியா என்ற கேள்வி அங்கேயும் ஒவ்வொரு நாளும் எழுகிறது. அவர்களுடைய மொழியில் ஒரு துண்டறிக்கை, சங்கத்தில் ஓர் உறுப்பினர் அட்டை, விபத்து நேரும்போது இழப்பீட்டுக்கான போராட்டம் ஆகிய பணிகளின் வழியாகத்தான் அதற்கான விடை எழுதப்படும்.

உலகத் தொழிலாளர்களே, ஒன்றுபடுங்கள்!